இடது காதுத் தோடு

என் வீட்டுக்காரருக்கு இந்த ஊர் வைத்த பெயர் ஒத்தவிலை. தங்கம் தேடுகிற மெட்டல் டிடெக்டர் விற்கிறவர். ஒரு மெஷினுக்கு ஒரு விலை சொன்னால் அதுதான் விலை. பெட்டியின் மேல் தன் கையாலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார். குறைத்துக் கேட்டால் அந்தச் சீட்டைக் காட்டுவார். இன்னொரு தடவை கேட்டால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். மூன்றாவது தடவை கேட்டால் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். அப்புறம் நான் வந்து சிரித்துப் பேசி ஆளை உட்கார வைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் சிரிக்கிற வேலை என்னுடையது.

ஊருக்கு மேற்கே மூடிப்போன சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிவப்பு மண் காட்டில் அரிசி அளவிலும் பயறு அளவிலும் தங்கம் இன்னும் கிடக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய்த் தேடலாம். வேலை போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கடனில் மாட்டியவர்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மிதிப்பது எங்கள் கடைப்படியைத்தான். அப்போது வேறு கடை கிடையாது.

அவருக்குக் காதுதான் சொத்து. சின்னத் தங்கம் கத்தாது. மெஷினின் ரீங்காரத்தில் லேசாக ஒரு நெளிவு வரும், அவ்வளவுதான். அதைக் கேட்டுப் பழகிய மனுஷன் வீட்டில் தட்டு கீழே விழுந்தால் கண்ணை மூடிக்கொள்வார். செருப்பில் ஆணி கூடாது, இடுப்பில் பெல்ட் கூடாது, கையில் வாட்ச் கூடாது. கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டுவார். சாவி, சில்லறை, மோதிரம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் பின்பக்கம் போக வேண்டும்.

பின்பக்கம்தான் எங்கள் சோதனை மண். நாலடி அகலம், பத்தடி நீளம். ஊர் மண்ணில் எந்த மெஷினும் நன்றாகத்தான் வேலை செய்யும் என்று காட்டிலிருந்து இரண்டு வண்டி சிவப்பு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார். அதில் ஆணி, துப்பாக்கிக் குண்டுச் சில்லு, பாட்டில் மூடி என்று காட்டில் கிடக்கிற குப்பையெல்லாம் புதைத்தார். நடுவில் ஓர் இடத்தில், ஒரு சாண் ஆழத்தில், தங்கம். அந்தத் தங்கம் என் இடது காதுத் தோடு.

தையல் கடையில் வேலை பார்த்தபோது முதல் வருடச் சம்பளத்தில் நானே வாங்கிய ஜோடி அது. கல் வைக்காத கெட்டித் தங்கம், பயறு அளவு. கடை திறந்த வருடம் புதைப்பதற்கு ஒரு துணுக்குத் தங்கம் வாங்கக்கூட எங்களிடம் வழியில்லை. "ஒரு மாசம் குடு, திருப்பித் தர்றேன்" என்றார். பதினாலு வருடம் ஆயிற்று. நல்ல வியாபாரம் நடந்த வருடங்களில் வேறு ஜோடி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் வேண்டாம் என்றேன். வருகிறவர்கள் என் வெறுங்காதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. ஒருமுறை ஓர் ஆள், "உள்ள நெஜத் தங்கமா? யாருக்குக் காது குத்துறீங்க?" என்று கேட்டார். இவர் சிரிக்காமல் என் பக்கம் கையைக் காட்டி, "அவங்களுக்கு. வேணா பாத்துக்குங்க" என்றார். அந்த ஆள் அன்றைக்கே பெரிய மெஷின் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு எதிரில் கவர்க்காரன் வந்தான். அதுவரை செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தவன். எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக டிடெக்டர் இறக்கினான். ஒரு கம்பெனி லேபிளின் மேல் இன்னொரு கம்பெனி லேபிள் ஒட்டியிருக்கும். எங்கள் பெரிய மெஷின் ஒன்றின் விலைக்கு அவனிடம் ஐந்து வாங்கலாம். மண்வெட்டியும் தோள்பையும் இலவசம். அவனும் கடைக்குப் பின்னால் மண் கொட்டினான். அவன் புதைத்தது பழைய நாணயங்கள். எந்த மெஷினை வைத்தாலும் ஊளையிடும். தங்கமா என்று யாராவது கேட்டால், "ஏதோ இருக்கு. கேக்குதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்பான். அவன் வாயிலிருந்து தங்கம் என்ற சொல் ஒரு நாளும் வந்ததில்லை. இதை நான் பிற்பாடுதான் யோசித்தேன்.

ஜனங்கள் எங்கள் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் பாடம் கேட்டுவிட்டு, எதிரே போய் வாங்கினார்கள். சிலர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தே போனில் ஆர்டர் போட்டார்கள். ஒருவன் அப்படி வாங்கிய மெஷினை எங்களிடமே கொண்டுவந்து எங்கே ஆன் செய்வது என்று கேட்டான். இவர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

கம்பெனிக்காரர்கள் அதற்கு மேல். எங்களுக்கு அவர்கள் பில் போடுகிற விலையைவிடக் குறைவாக அவர்களே இணையத்தில் விற்றார்கள். ஏரியா மேனேஜரிடம் கேட்டதற்கு, "அது வேற டிபார்ட்மென்ட் சார்" என்றார். வருடத்துக்கொரு புது மாடல் விட்டார்கள். அது வந்த அன்றே எங்களிடம் இருக்கும் பழைய சரக்கு பழைய இரும்பு. கடைசியில் அந்த மேனேஜரே ஒரு வழி சொன்னார். கவர்க்காரனோடு போட்டி போட கம்பெனியே ஒரு குட்டி மாடல் இறக்கியிருக்கிறது, அதே பெயிண்ட், அதே கைப்பிடி, விலை நாலில் ஒன்று. மாதம் பத்து எடுக்காவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்பதையும் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

இவர் குட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சோதனை மண்ணில் வைத்தார். ஆணிக்குக் கத்தியது. தோட்டின் மேல் நான்கு முறை வீசினார். ஒரு சத்தமும் இல்லை. "இது பொம்மை" என்றார். பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார்.

ஏஜென்சிக்காக மாதம் பத்தாக எடுத்த குட்டிகள் மூன்று மாதம் பரணில் தூங்கின. கடைச் சொந்தக்காரர் வாடகை கேட்டுத் தினமும் வந்து போனார். அப்போது நான் பேசிய பேச்சை இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "நேர்மையத் தட்டுல போட்டுத் திங்க முடியுமா? எதிர்ல இருக்கறவனப் பாத்தாவது பொழைக்கக் கத்துக்குங்க" என்றேன். மறுநாள் நான் தங்கையின் பிரசவத்துக்குப் புறப்பட்டுப் போனேன். பத்து நாள் அங்கே இருந்தேன்.

திரும்பி வந்தபோது பரணில் இருந்தவை பாதி விற்றுப்போயிருந்தன. என்னவென்று கேட்டேன். "கம்பெனில செட்டிங் மாத்திக் குடுத்தாங்க. இப்ப கேக்குது" என்றார். நானே குட்டியை எடுத்துக்கொண்டு போய் வீசிப் பார்த்தேன். என் தோடு இருந்த இடத்தில் கணீரென்று கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அதோடு விட்டிருக்கலாம். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

என் அண்ணன் லாரி ஓட்டியவர். முட்டி தேய்ந்து வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள், கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். அதை வைத்துக் காட்டில் இறங்கலாம் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. வந்ததும் பெரிய மெஷினைத்தான் தடவிப் பார்த்தார். "அது எதுக்குண்ணே, இந்தக் குட்டியே போதும். மிச்சத்த அண்ணிகிட்ட குடு" என்றேன். பின்னால் கூட்டிப் போய் வீசச் சொன்னேன். கேட்டது. அண்ணன் என் இடது காதைப் பார்த்தார். "நம்ம மண்ணு பொய் சொல்லாதுண்ணே" என்றேன். இவர் அப்போது கல்லாவில் உட்கார்ந்து சீட்டில் விலை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மச்சானுக்காவது குறைத்துப் போடக் கூடாதா என்று அதற்கும் நான் கோபித்துக்கொண்டேன்.

அண்ணன் இரண்டு பருவம் நடந்தார். வெயில் ஏறுமுன் போவார், பொழுது சாயும்போது வருவார். முதல் பருவத்தில் ஒன்றும் இல்லை. பழக வேண்டும் என்று நானே சமாதானம் சொன்னேன். இரண்டாவது பருவத்தில் அண்ணி ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போனார். "அண்ணனுக்குப் பொறுமை பத்தாது" என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். கூடப் பிறந்தவரை அப்படிச் சொன்னேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். மெஷினை ஒரு கையிலும் பிஸ்கட் டப்பா ஒன்றை இன்னொரு கையிலும் வைத்திருந்தார். டப்பாவை மேஜையில் கவிழ்த்தார். ஆணி, சில்லு, துருப்பிடித்த ஒரு கொக்கி.

"ரெண்டு பருவத்துச் சம்பாத்தியம்" என்றார். "முந்தா நாள் ஒருத்தன் பெரிய மெஷினோட எனக்குப் பின்னாடியே வந்தான். நான் வீசிட்டு நடந்த தடத்துலயே, என் கால் பட்ட எடத்துலயே, மூணு எடுத்தான். அரிசி மாதிரி. எங்கிட்டக் காட்டிட்டுப் போனான்."

"ஒனக்குக் கேக்கத் தெரியலண்ணே. இது என் தோட்டுக்கே கத்துச்சே."

"இன்னொரு தோட்டக் கழட்டிக் குடு" என்றார்.

வலது காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். பின்பக்கம் போனோம். அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மண்ணின் ஓரத்தில் ஒரு சாண் தோண்டி, தோட்டைப் போட்டு மூடினார். மெஷினை வீசினார். சத்தமில்லை. திருப்பி வீசினார். சத்தமில்லை. இரண்டடி தள்ளி, பழைய இடத்தில் வீசினார். கணீரென்று கேட்டது.

"ஜோடித் தோடுதான? ஒண்ணு மட்டும் எப்படிக் கத்துது?"

மண்கரண்டியை எடுத்து நானே தோண்டினேன். இவர் வாசலில் வந்து நின்றார், தடுக்கவில்லை. ஒரு சாண் ஆழத்தில் வந்தது மீன் தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டு. கட்டைவிரல் தடிமன். துடைத்தால் மங்கலாகப் பளபளத்தது.

"எங்க?" என்றேன்.

உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். என் தோடு பஞ்சில் பத்திரமாக இருந்தது. "விக்கல. சத்தியமா விக்கல" என்றார். தோட்டை விற்றுவிட்டாரோ என்பதுதான் என் கவலை என்று நினைத்துவிட்டார்.

"நீ ஊருக்குப் போன ரெண்டாவது நாளு கடைச் சொந்தக்காரரு பூட்டோட வந்தாரு. அன்னைக்கு ஒரு ஆளு பணத்தோட உக்காந்திருந்தான். அவன் ஒருத்தனுக்குன்னுதான் மாத்தினேன். அவன் அடுத்த நாளே மூணு பேரக் கூட்டிட்டு வந்தான்."

"அண்ணனுக்குமா?"

"நான் என்ன சொல்லி நிறுத்தறது? நீதான் முன்னாடி நின்னு பேசிட்டிருந்த." பிறகு, "பொழைக்கத் தெரியணும்னு நீதான் சொன்ன" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். விலை சொல்கிற அதே குரலில் சொன்னார்.

பிறகு அவர் பெரிய மெஷினைப் பெட்டியோடு தூக்கிவந்து அண்ணன் காலடியில் வைத்தார். "மச்சான், இத எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்." பதினாலு வருடத்தில் ஒத்தவிலை விலையை விட்டது அன்றைக்குத்தான்.

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். ஆசையோடுதான் பார்த்தார். "இது கேக்குமா மாப்ள?" என்றார். "கேக்கும்" என்றார் இவர். "கேக்கும்னு நான் யார நம்பறது?" என்றார் அண்ணன். குட்டி மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்தார். புதைத்த தோட்டைக் கிளறி எடுத்து, சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் செய்த எந்தப் போனையும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன் நின்று இரண்டு தோட்டையும் போட்டுக்கொண்டேன். இடது காதில் துளை தூர்ந்துபோயிருந்தது. குத்தித்தான் ஏற்றினேன். இவர் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அந்தக் கண்ணாடியை எடுத்து அவர் தலையில் போடத் தோன்றியது. சோறு போட்டேன். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் பின்பக்கம் போனபோது நான் தோண்டிய குழி மூடியிருந்தது. மேஜையில் வைத்திருந்த ஈயக்குண்டைக் காணவில்லை. யார் மூடியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பரணில் இன்னும் எட்டுக் குட்டிகள் இருந்தன. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

பத்து மணிக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எதிர்க்கடையை விட்டு வெளியே வந்து, எங்கள் போர்டைப் பார்த்தபடி ரோட்டைக் கடந்தார்கள். அந்தப் பெண் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். பணம் இருக்கிற பையை அப்படித்தான் பிடிப்பார்கள். இவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் காதைப் பார்த்தார்.

அவர்கள் படியேறுவதற்குள் நான் இடது தோட்டைக் கழற்றிக் கல்லாவில் போட்டு மூடிவிட்டேன். காது எரிந்தது. சிரித்துக்கொண்டே அவர்களைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். அந்த ஆள் குட்டியை வீசினான். கணீரென்று கேட்டது.

"உள்ள இருக்கறது நெஜமாவே தங்கமாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் தோடுதாம்மா" என்றேன். தலைமுடியை ஒதுக்கிக் காட்டினேன். அவள் கிட்ட வந்து பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தாள்.