திரைக்குப் பின்னால் தவசி அய்யா: இராமநாதபுரம் கரையோரம் ஒரு பௌத்தக் கோயில்

இராமேஸ்வரத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் ஒரே பயணம்தான். தீர்த்தமாடுவது, ஈரத்துணியோடு பிரகாரம் சுற்றுவது, தனுஷ்கோடியில் வெயில் காய்வது, ரயிலேறுவது. வழியில் இருக்கிற இராமநாதபுரம் மாவட்டத்தை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. விருதுநகரில் காப்பீட்டு அலுவலக வேலை, ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை என்பதால் இறங்கிப் பார்க்க வாய்த்ததில்லை. இந்த மாசி மாதம், மதுரையில் சில இளைஞர்கள் நடத்தும் ஒருநாள் வரலாற்றுப் பயணம் பற்றி வாட்ஸப்பில் தகவல் வந்தது. தேவிபட்டினத்துக்கு வடக்கே, ஒரு கண்மாய்க்கரையில் இருக்கும் பழைய பௌத்தக் கோயில். ஆளுக்கு 850 ரூபாய், காலை உணவும் வேன் செலவும் அதில் அடக்கம். உடனே பணம் கட்டிவிட்டேன்.

ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டது அது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முந்தின இரவே இராமநாதபுரம் வந்து ஒரு விடுதியில் தங்கினேன் (900 ரூபாய், சுமார்தான், தண்ணீர் உப்பு). மற்றவர்கள் காலை பாசஞ்சரில் மதுரையிலிருந்து வந்து இறங்கினார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். வழிகாட்டி கயல்விழி முப்பது வயதுக்குள் இருப்பாள். தொல்லியல் படித்தவள், குரல் மட்டும் கொஞ்சம் மெலிது. வேன் ஓட்டுநர் அன்டன். மண்டபம் அகதிகள் முகாமில் குடியிருப்பவர் என்று கயல்விழி அறிமுகப்படுத்தினாள். நாற்பதைத் தாண்டியவர். வணக்கம் சொன்னதோடு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் வாழையிலையில் பொதிந்த தாமரை மொட்டுகள். பெயர் சுமனா, இலங்கையில் குருநாகல் என்று கயல்விழி சொன்னாள். மகன் மதுரையில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறார். அம்மாவோடு வருவதாக இருந்தவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். கயல்விழியை நம்பி ரயிலேற்றி விட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குச் சிங்களம் தவிர ஆங்கிலத்தில் ஒரு இருபது வார்த்தை தெரியும். எனக்குச் சிங்களத்தில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆளுக்கொரு கடலைமிட்டாய் தின்றுகொண்டு சிரித்தபடி போனோம்.

தேவிபட்டினம் வரை நல்ல சாலை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே பிரிந்தால் எட்டு கிலோமீட்டர் குறுகலான தார்ச்சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பாதிச் சாலையில் குண்டு மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். அன்டன் வேனை மண்ணில் இறக்கி இறக்கி ஒரு மிளகாய் நசுங்காமல் ஓட்டினார். உள்ளே பாதிப் பேர் தும்மினோம்.

வரும் வழியில் கயல்விழி இரண்டு விஷயம் சொன்னாள். கடல் வணிகம் நடந்த இந்தக் கரையில் பல இடங்களில் பௌத்தப் பள்ளிகள், அதாவது பிக்குகள் தங்கிய மடங்கள், இருந்திருக்கின்றன, நாம் பார்க்கப்போவது அப்படி ஒன்றின் மிச்சம் என்பது முதலாவது. இரண்டாவதை அவள் அழுத்திச் சொன்னாள். "ஊர்க்காரங்களுக்கு அவர் தவசி அய்யா. பல குடும்பங்களுக்குக் குலசாமி. நாம விருந்தாளியாப் போறோம். அங்க போய் யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்."

பத்தேகாலுக்குக் கண்மாய்க்கரையில் இறங்கினோம். கோயில் காலியாக இருக்கும் என்றுதான் கயல்விழி நினைத்திருக்கிறாள். அங்கே இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு டிராக்டர், முப்பது நாற்பது பேர், மூன்று கல் அடுப்பில் பொங்கல் பானைகள். பூசாரி ஓடிவந்து, "இன்னைக்கு ஒரு மொட்டை இருக்குன்னு சொல்ல மறந்துட்டேன் தாயி. நீங்க பாட்டுக்கு வந்து கும்பிட்டுப் போங்க" என்றார்.

கோயில் என்று கோபுரத்தைத் தேடாதீர்கள். ஒரு மேடு, அதன்மேல் தகரக் கூரை போட்ட சின்ன அறை. மேட்டின் சரிவில் பழைய செங்கல் வரிசை வெளியே தெரிகிறது. ஒவ்வொரு கல்லும் என் முழங்கை நீளம். அறைக்குள் மூன்றடி உயரக் கருங்கல் சிலை, சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்து. சுருள் சுருளான முடி, தோளைத் தொடப்போகிற காது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மினுங்கிய நெற்றியில் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். கண்ணுக்கு வெள்ளித்தகடு ஒட்டியிருந்தார்கள். அத்தனைக்கும் அடியில் அந்த முகம் அமைதியாகத்தான் இருந்தது.

சுமனா அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தாமரையை ஒவ்வொன்றாக இதழ் மடித்து வைத்தார். மண்டியிட்டு நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினார். பிறகு கண்ணை மூடி மெல்லிய குரலில் ஓத ஆரம்பித்தார். பொங்கலுக்கு நெருப்புத் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எந்த ஊரு அந்தம்மா? என்னமாக் கும்பிடுது பாரு," என்றாள் ஒருத்தி.

அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று.

வெளியே வந்த சுமனா அம்மா வேப்பமரத்தடியில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தார். கறுப்புக் கிடாய், கழுத்தில் மாலை. பக்கத்தில் ஒருவர் அரிவாளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஆட்டைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், திரும்பிச் சிலையைப் பார்த்தார். நேரே போய் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கைப்பையிலிருந்த பணத்தையெல்லாம் எடுத்து அரிவாள்காரரிடம் நீட்டினார். "நோ, நோ, ப்ளீஸ்," என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டுக்குச் சொந்தக்காரன் பாண்டி ஓடிவந்தான். சின்ன வயசு, களத்து வேலை செய்து காய்த்த கை. "ஆட்ட விடுங்கம்மா. இது நேந்துவிட்ட ஆடு. மூணு புள்ள வயித்துலயே போயி, இவன் ஒருத்தன்தான் தங்கியிருக்கான். காசுக்கு விக்கிறதில்ல இது." அவன் மனைவி முத்துமாரி மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையோடு பின்னால் நின்றாள். கயல்விழி ஆங்கிலத்தில் விளக்கிப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கயிற்றை இன்னும் இறுக்கினார்.

அப்போதுதான் எங்கள் குழுவில் கேமராவோடு வந்தவர் ஒருவர் நடுவே புகுந்தார். "அவங்க அழுறதுல தப்பே இல்ல. இது புத்தர் சிலைங்க. கொல்லக்கூடாதுன்னு சொன்னவரு முன்னாடி நின்னு வெட்டுறீங்களே!"

பாண்டியின் முகம் மாறியது.

"எங்க சாமி யாருன்னு எங்களுக்கே சொல்றீகளோ? ரெண்டு வருசம் முன்ன இப்பிடித்தான் ஒரு ஆளு வந்து, இது புத்தரு, போட்டோ போடுறேன்னு போனாரு. மறுமாசம் ஜீப்புல வந்து அளந்தாக. மியூசியத்துக்குக் கொண்டுபோறோம்னாக. ஊரே குறுக்க படுத்துல்ல நிறுத்துனோம்!" கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் நகர்ந்து வேனுக்கு முன்னால் போய் நின்றார்கள். "கேமராவ இங்கன வச்சிட்டுப் போகச் சொல்லு," என்றார் ஒருவர். கயல்விழி கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். அவள் குரல் யாருக்கும் எட்டவில்லை.

அன்டன் வேனிலிருந்து இறங்கி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே சுமனா அம்மாவிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, ஏதோ சொன்னார். சிங்களத்தில்.

அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு மடை திறந்த மாதிரி பேசினார். அன்டன் முதலில் தடுமாறினார், வார்த்தை தேடினார், கொஞ்ச நேரத்தில் பேச்சு ஓட ஆரம்பித்தது. நிமிர்ந்து பாண்டியிடம் சொன்னார்: "தம்பி, அவ உங்கள அவமதிக்க எண்டு செய்யயில்ல. அவவுக்கும் இவர்தான் சாமி. சாமிக்கு முன்னால ரத்தம் சிந்தினா அவருக்கு நோகும் எண்டு பயப்பிடுறா. அவ்வளவுதான்."

பூசாரி முன்னால் வந்தார். "அய்யா முன்னாடி யாரு வெட்டுறா? அத எடுத்துச் சொல்லப்பா அந்தம்மாட்ட. அய்யாவுக்கு ரத்தம் ஆகாது. பொங்கலும் பழமுந்தான். கிடா வெட்டுறது அந்தா அங்கன நிக்கிற காவக்கார கருப்பனுக்கு. வெட்டுறப்ப அய்யாவுக்குத் திரை போட்ருவோம். எங்க பாட்டன் காலத்துலருந்து அப்பிடித்தான்." அறை வாசலுக்கு மேலே சுருட்டிக் கட்டியிருந்த மஞ்சள் வேட்டியைக் காட்டினார். நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

அன்டன் மொழிபெயர்த்தார். அந்த அம்மா எழுந்து போய் அந்த வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். கயிறு கையிலிருந்து நழுவியிருந்தது. பிறகு அன்டனிடம் ஏதோ கேட்டார்.

"திரை போடேக்க, தானும் உள்ள அவரோட இருக்கலாமோ எண்டு கேக்கிறா."

பூசாரி வேட்டியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். "அதுக்கென்ன, ஒக்காரட்டும்."

எதிர்பாராமல் முத்துமாரி சொன்னாள்: "அப்ப நானும் உள்ளதான் இருப்பேன். குட்டியிலருந்து நான் வளத்தது. என்னால பாக்க முடியாது." பாண்டி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆட்டின் கயிற்றை எடுத்துக்கொண்டு கருப்பன் பக்கம் நடந்தான். முத்துமாரி என் கையைப் பிடித்து, "நீங்களும் வாங்கக்கா," என்றாள். போனேன்.

திரை விழுந்ததும் அறை மஞ்சளாகிப்போனது. நாங்கள் மூன்று பேர், ஒரு குழந்தை, தவசி அய்யா. வெளியே கொட்டு அதிர்ந்தது, குலவைச் சத்தம் எழுந்தது. சுமனா அம்மா கண்ணை மூடி ஓதிக்கொண்டே இருந்தார். முத்துமாரி குழந்தையின் காதைப் பொத்தினாள். ஒரு கணம் எல்லாம் நின்று, பிறகு மறுபடி குலவை. முத்துமாரியின் தோள் குலுங்கியது. அந்த அம்மா ஓதுவதை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டி அவள் முதுகைத் தடவினார். ஆடு பிழைக்கவில்லை. அதை அழகாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இவர் யாருடைய சாமி என்ற கேள்வி எனக்கு எழவில்லை.

தவசி அய்யாவுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலைத்தான் சுமனா அம்மா சாப்பிட்டார். முத்துமாரியும் அதையேதான் சாப்பிட்டாள். கேமராக்காரர் பாண்டியிடம் படங்களைக் காட்டி, சிலை இருந்ததையெல்லாம் அழித்தார். பிறகு பந்தியில் அவருக்குத்தான் பாண்டி இரண்டு கரண்டி கூடுதலாகக் கறி வைத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: தனியாகத் தேடிப் போகாதீர்கள், குழுவோடு போங்கள். மாசியிலும் பங்குனியிலும் ஞாயிறு, வெள்ளி தவிர்த்தால் கூட்டமிருக்காது. இருந்தால் அது அவர்கள் வீட்டு விசேஷம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிலையைப் படமெடுக்காதீர்கள், இருப்பிடத்தை எங்கும் பதிவிடாதீர்கள். அங்கே கடை கிடையாது, குடிதண்ணீரும் தொப்பியும் அவசியம். இராமநாதபுரத்திலிருந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மாலை ஐந்துக்குள் திரும்பிவிடலாம். எனக்கு மொத்தச் செலவு 2,100 ரூபாய்.

திரும்பியபின் மாலை ரயிலுக்கு நேரமிருந்தது. ஸ்டேஷன் வாசலில் அன்டனோடு டீ குடித்தேன். காலையிலேயே சிங்களம் தெரியும் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"கொழும்பில, புறக்கோட்டையில ஒரு துணிக்கடையில நாலு வருசம் நிண்டனான் அக்கா. நல்லாக் கதைப்பன். பிறகு சண்டை திரும்பத் தொடங்கிட்டு. ஊருக்குப் போற வழியில ஒரு செக்பொயின்டில பஸ்ஸால இறக்கி, வெயில்ல முட்டுக்காலில வச்சு விசாரிச்சாங்கள். அண்டைக்குப் பதில் சொன்னதுதான் கடைசி. அதுக்குப் பிறகு அந்தப் பாஷை வாயில வரயில்ல. இண்டைக்கும் வேனுக்குள்ளயே இருப்பம் எண்டுதான் நினைச்சன்." டீயை ஊதினார். "அந்த மனிசி தனிய நிண்டு அழுதுது. கேட்டுக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு."

முதலில் மதுரை ரயில் வந்தது; என் ரயில் அதற்கு அடுத்தது. சுமனா அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாகக் கை நீட்டி அன்டனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அன்டன் சத்தமாகச் சிரித்து ஏதோ பதில் சொன்னார். ரயில் நகரும்போது அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"என்ர சிங்களம் சரியான கடைக்காரன்ர சிங்களமாம். துணி கிழிச்சுக் குடுக்கிறவன் மாதிரிக் கதைக்கிறனாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அம்மாக்கு எத்தின மீற்றர் வேணும் எண்டு கேட்டன்," என்றார் அன்டன்.