கடை ஒல்ஃபாவுக்கு

துனீசியாவில், எங்கள் பிசெர்ட் நகரத்தில், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவள் வீட்டார் மொன்ஜியா அக்காவின் கடைக்கு வந்துவிடுவார்கள். மணப்பெண்ணின் ஜரிகை உடுப்பு, மருதாணி இரவுக்கான பட்டு, கிரீடம், வெள்ளித் தட்டு எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். எதிரே என்னுடைய போட்டோ ஸ்டூடியோ. அங்கே உடுப்பு எடுத்தவர்கள் நேரே என்னிடம் வருவார்கள். என் பிழைப்பில் பாதி அக்கா போட்டது.

கட்டிடம் அவருடைய சொந்தம். கீழே கடை, மேலே வீடு. தகப்பனார் இறந்தபோது அண்ணன் நாசருக்குத் தோட்ட நிலமும் இவருக்கு இதுவும் என்று பிரிந்தது. துணி, தையல், கடை என்றே காலம் ஓடி, அக்காவுக்குக் கல்யாணமாகும்போது வயது முப்பத்தெட்டு. மாப்பிள்ளை தைய்யெப், கப்பல் போவதற்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்தவர், மனைவியை இழந்தவர். ஒன்பது வயதில் அவருக்கு ஒரு மகள், ஒல்ஃபா.

அந்தக் குழந்தை முதல் வருடம் முழுக்க அக்காவை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து மூலையில் உட்காரும், குண்டூசி கேட்டால் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஒருநாள் கடையில் நல்ல கூட்டம். உடை மாற்றும் திரைக்குப் பின்னாலிருந்து, "அம்மா, இவங்களுக்குக் கை இறுக்கமா இருக்காம்" என்று ஒல்ஃபா கத்தினாள். வாயில் கடித்த ஊசியோடு அக்கா அப்படியே நின்றதை நான் பார்த்தேன். பிறகு, "வர்றேன்டி" என்றார்.

அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஒல்ஃபாவுக்கு இருபது வயதானபோது தைய்யெப் நெஞ்சுவலியில் போய்விட்டார். துக்கம் முடிந்ததும் மாத்தெர் ஊரிலிருந்து அவளுடைய அத்தை கூட்டிப்போக வந்தாள்.

"உங்கப்பாவே போயிட்டாரு. இனிமே இவங்க உனக்கு யாருடி?"

"வியாழக்கிழமை மூணு உடுப்பு குடுக்கணும் அத்தை. இப்போ எப்படி வர்றது?" என்றாள் ஒல்ஃபா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பல வருடம் கழித்து அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. வெளி வராந்தாவில் நானும் ஒல்ஃபாவும் நாசரும் உட்கார்ந்திருந்தோம். நாசர் கெட்டவர் இல்லை. தங்கைக்காகக் காலையிலிருந்து பட்டினி கிடந்தார். ஆனால் மனதில் இருப்பது அப்படியே வாயில் வரும்.

"ஒல்ஃபா, கடை சாவி உன்கிட்டதானே? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எதையும் நகர்த்தாதே, என்ன? எல்லாம் என்கிட்டதான் வரும். உன்னை உடனே போகச் சொல்ல மாட்டேன், பயப்படாதே."

ஒல்ஃபா சாவியை எடுத்து அவர் கையிலேயே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அக்கா வீடு திரும்பிய பிறகு இது அவர் காதுக்குப் போனது. சொன்னது நான்தான். அவர் கோபப்படவில்லை. மறுவாரமே ஒல்ஃபாவை இழுத்துக்கொண்டு நோட்டரியிடம் போனார். நோட்டரி லமியா நடுத்தர வயதுப் பெண்மணி. அங்கே நடந்ததை ஒல்ஃபா எனக்கு நடித்தே காட்டினாள்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா."

"பெத்ததா?"

"வளர்த்தது."

நோட்டரி பேனாவைக் கீழே வைத்தாராம். "அப்போ சட்டப்படி இவங்க உங்களுக்கு அந்நியர்தான். நீங்க ஒண்ணும் எழுதலைன்னா எல்லாம் உங்க அண்ணனுக்கு."

"அந்நியரா? எனக்கு எந்தப் பல்லு வலிக்குதுன்னு இவளுக்குத்தானே தெரியும்."

"பல்லுக்குச் சட்டம் இல்லையே அம்மா. ஆனா வழி இருக்கு. சொத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் இவங்களுக்கு உயில் எழுதலாம், யார் சம்மதமும் வேணாம். அதுக்கு மேலன்னா உங்களுக்கு அப்புறம் அண்ணன் சம்மதிக்கணும். இல்லைன்னா இப்பவே தானமாக் குடுக்கலாம். அந்நியருக்குக் குடுக்கறதுன்னா கட்டணம் ரொம்ப அதிகம். குடுத்தா அன்னைக்கே அது உங்களோடது இல்ல."

"நாளைக்கு இவ புருஷன் வந்து என்னையே எழுந்திருன்னு சொன்னா?"

"புருஷனே இன்னும் வரல, அதுக்குள்ள அவனை வில்லனாக்கிட்டீங்களே" என்றாள் ஒல்ஃபா.

கடைசியில் இப்படி முடிவானது. கட்டிடத்தில் கீழ்ப்பகுதி, அதாவது கடை, மொத்தச் சொத்து மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். அது உயிலில் ஒல்ஃபாவுக்கு. உடுப்புகளில் பாதி, இத்தனை வருடம் அவள் வாங்காத சம்பளத்துக்கு ஈடாக, இப்போதே அவள் பேருக்கு முறையாக மாறும். மேல் வீடு நாசருக்கே போகட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். "அவன் பங்கைத் திருட நான் வரல."

எழுந்தபோது நோட்டரி ஒரு வார்த்தை சொன்னாராம். "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. சொல்லாம வெச்சா உங்களுக்கு அப்புறம் சண்டை வரும். சொன்னா இப்பவே வரும். இப்போ வந்தா பதில் சொல்ல நீங்க இருப்பீங்க."

அந்த ஞாயிறு நாசர் வீட்டில் மீன் போட்ட கூஸ்கூஸ் சாப்பாடு. வெளியாள் இருந்தால் அண்ணன் கத்தமாட்டான் என்று என்னையும் அக்கா கூட்டிப்போனார். நாசர், அவருடைய இரண்டாவது மனைவி சுஆத், சுஆதின் மகன் அய்மன், நாங்கள் மூவர். அய்மன் சுஆதின் முதல் கணவருக்குப் பிறந்தவன், ஏழு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவன். காய்கறி வண்டி ஓட்டுகிறான். நாசருக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவன்தான். நாசர் பெற்ற மகன் ஸ்லிம் பிரான்சில், மார்செய் நகரத்தில் இருக்கிறான்.

தட்டுகள் பாதி காலியானதும் அக்கா விஷயத்தைச் சொன்னார். நாசர் கத்தினார்.

"எங்கப்பா கட்டின கட்டிடம் அது. அதைப் போய் எவனோ பெத்த பொண்ணுக்கு எழுதுவியா? அந்நியரை எவ்வளவு நாள் சோறு போட்டு வளர்த்தாலும் அந்நியர்தான்."

அய்மன் கரண்டியைத் தட்டில் வைத்தான், சத்தம் வராமல். எழுந்து வெளியே போனான். நாசர் அதைக் கவனிக்கவே இல்லை. சுஆத் கவனித்தார்.

"மேல் வீடு உனக்கு வருது அண்ணா. கீழே இருக்கறது அவ கையால வளர்ந்த கடை. உன்கிட்ட கேக்க வரல, சொல்ல வந்தேன்" என்று அக்கா எழுந்தார்.

அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. பெருநாளைக்குக்கூட நாசர் வரவில்லை. ஒல்ஃபாதான் அதிகம் தவித்தாள்.

"அந்த உயிலைக் கிழிச்சுடுங்கம்மா. எனக்குக் கடை வேணாம். உங்களுக்கு இருக்கறது ஒரே அண்ணன்."

"எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. ரெண்டுல ஒண்ணுன்னு யார் சொன்னா? அவன் வருவான். வரலைன்னா நான் போறேன். அந்த நீலத்துக்குப் பொத்தான் தெச்சியா?"

ஜூன் மாதம், கல்யாண சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மதியம். நான் ஆல்பம் கொடுக்க அந்தப் பக்கம் போயிருந்தேன். தெருவில் அய்மனின் வண்டி வந்து நின்றது, நாசர் இறங்கினார். கடைக்குள் ஒரு மணப்பெண், அவளுடைய நான்கு சித்திகள், ஏகப்பட்ட கருத்துகள். உட்கார இடமே இல்லை. ஒல்ஃபா அவர் கையைப் பிடித்து, மணமக்களுக்கு வாடகைக்கு விடும் தங்க நிற நாற்காலியில் உட்கார வைத்தாள். சித்திகளில் ஒருத்தி, "மாப்பிள்ளை கொஞ்சம் வயசானவரா இருக்காரே" என்றாள். நாசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் போனதும் நாசர் தங்கையைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் பேசினது..."

"ஒல்ஃபா அதையெல்லாம் மனசுல வெச்சுக்கல."

"ஒல்ஃபா இல்ல, அய்மன். கொண்டுபோய் விடறான், கதவைத் திறந்து விடறான், ஊசி குத்தின கையைப் பிடிச்சு ஏத்தறான். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். ஏன்னு சுஆத் சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் போனா சுஆதுக்கு எட்டுல ஒண்ணு, மீதி ஸ்லிமுக்கு. இவனுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லதான். நீ போனியே, அந்த நோட்டரி பேர் என்ன?"

அக்கா குத்திக் காட்டவில்லை. "லமியா. நாளைக்குக் காலையில நானும் வர்றேன்" என்றார்.

ரோட்டை ஒட்டிய தோட்டத் துண்டை அய்மனுக்கு எழுதினார் நாசர். அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். அய்மன் முதலில் மறுத்தானாம்.

"நிலத்துக்காக நான் உங்களுக்கு வண்டி ஓட்டல."

"தெரியும்டா. கேட்டிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

ஆகஸ்டில் ஸ்லிம் லீவில் வந்தான். நாசர் அவனையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார், மொன்ஜியா அக்காவின் உயிலையும் சேர்த்து. ஸ்லிமின் முகம் சுருங்கியது. "என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் அய்மனோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பா படுத்திருப்பதை முதல் தடவையாக முழுக்க உட்கார்ந்து பார்த்தான். பிரான்சுக்குத் திரும்புவதற்கு முன் அவனும் அய்மனும் சேர்ந்து தோட்டத்தில் எல்லைக்கம்பி நட்டார்கள். எங்கே நடுவது என்பதில் சத்தமாகவே தகராறு நடந்தது, அண்ணன் தம்பிகள் மாதிரி.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாசர் கடைக்கு வருகிறார். அய்மன் அவரை இறக்கிவிட்டு, டீ குடித்து, ஒல்ஃபாவோடு வம்பு பேசிவிட்டுத்தான் போவான். மேல் வீட்டைப் பற்றி ஒருநாள் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எனக்கு மாடி ஏற மூச்சு இல்ல. அந்தப் பேச்சே வேணாம்" என்றார் நாசர். "நீ நல்லபடியா இரு, போதும். டீ ஆறிடுச்சு பாரு, ஒல்ஃபாவை இன்னொண்ணு போடச் சொல்லு."