நேரடி ஒளிபரப்பு இல்லை

மாநிலங்களுக்கு இடையிலான காற்பந்துப் போட்டிகளை நடத்தும் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். தொலைக்காட்சி நிலையத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை எழுதுவது என் பொறுப்பு. எந்த ஆட்டத்தை நேரடியாகக் காட்டலாம், எதை மறுநாள் சுருக்கிக் காட்டலாம் என்பதெல்லாம் என் மேசையில்தான் எழுத்தாகும். சட்டம் படித்தவன். நான் எழுதிய வாக்கியத்தில் ஓட்டை இருக்காது என்று மேலதிகாரி பிறரிடம் சொல்லுவார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

என் அண்ணன் துறைமுக ஊரான கிள்ளானில் இருந்தார். துறைமுகக் கிடங்கில் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டின் மாடி அறையில் தனியாக இருந்தேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போவேன். இருவரும் ஆட்டம் பார்ப்போம். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் நடுவரைத் திட்டுவார், நான் சிரிப்பேன், அண்ணி தேநீர் கொண்டுவந்து வைப்பார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு வீடு என்று ஒன்று இருந்தது.

எண்பதுகளில் ஒரு வருடம் எங்கள் மாநிலம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. நேரடியாகக் காட்டுவது என்று நிலையத்தோடு முன்பே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் அரங்கம் நிறையாது. அதனால் ரசிகர்கள் உள்ளே போய் உட்காரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தோம். எழுதியவன் நான்தான். பத்திரிகையில் அந்த நேரத்துக்கு மலாய் நாடகம் என்றே அச்சாகியிருந்தது. வீட்டில் மனைவி கேட்டால்கூட “ஹைலைட்ஸ் மட்டும்தான்” என்று சொல்லுவது எங்கள் அலுவலகத்தில் வழக்கம்.

எனக்குக் கேட்க மனைவி இல்லை. அண்ணன் கேட்டார். கடைத்தெருப் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, பைனல் லைவ் உண்டா?”

“இல்லண்ணே. மறுநாள் ஹைலைட்ஸ்தான்.”

“என்ன லா நீங்க! அவ்ளோ பெரிய ஆபீஸ்ல உக்காந்துகிட்டு ஒரு மேட்ச் காட்ட முடியலையா?”

“இல்லண்ணே.”

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

“அப்ப நான் நேர்லயே வந்துர்றேன். டாக்டர் கெடக்குறான். ஒரு வெரலத்தான எடுத்தான், கண்ணையா எடுத்துட்டான்?”

அவருக்கு இனிப்பு நீர் என்னும் சர்க்கரை நோய். இரண்டு வாரத்துக்கு முன்புதான் வலது காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். கால் நனையக் கூடாது, நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். “வீட்டுலயே இருங்கண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், குறிப்பறிந்திருப்பார். நான் “காலைப் பாத்துக்குங்க” என்றேன். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூரை போட்ட மேடையில் அவருக்கு ஓர் இருக்கை கேட்டிருக்கலாம், கேட்டால் கொடுத்திருப்பார்கள். கட்டுப்போட்ட காலும் சிலிப்பருமாக அவர் என் அதிகாரிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து நடுவரைத் திட்டுவதை நினைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

அன்று இடைவேளைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. நான் கூரைக்குக் கீழே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே திறந்தவெளிப் படிக்கட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் நின்றபடி நனைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் அவர் ஒருவர் என்று எனக்குத் தெரியும். ஒருமுறைகூட எழுந்து போய்த் தேடவில்லை. எங்கள் மாநிலம் வென்றது.

மறுநாள் காலை கிள்ளானுக்குப் போனேன். அண்ணன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தார். கட்டு ஈரத்தில் பழுப்பு நிறமாகியிருந்தது. அண்ணி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“காட்ட மாட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம். நான் நாடகம் பாக்கலாம்னு டிவியத் தொறந்தா மேட்ச் ஓடுது! இந்த நாற்காலி காலியாக் கெடக்கு, நான் ஒருத்தியா உக்காந்து பாக்கறேன். கூட்டத்தக் காட்டுறப்பல்லாம் இவரு எங்கேன்னு தேடிக்கிட்டே இருந்தேன்.”

“கோல் போட்டது யாருன்னாவது பாத்தியா?” என்றார் அண்ணன்.

“பேச்சப் பாருங்க.”

“விடு. கடைசி நேரத்துல முடிவு பண்ணியிருப்பானுங்க. தம்பிக்கு எப்படித் தெரியும்? இல்ல தம்பி?”

“ஆமாண்ணே,” என்றேன். “எங்களுக்கே தெரியாது.”

முதல் பொய்யை ஒரு விதியின் மேல் சுமத்தலாம். ஆட்டம் முடிந்த பிறகு எந்த விதியும் என் வாயைக் கட்டவில்லை. இரண்டாவது பொய் முழுக்க என்னுடையது.

புண் ஆறவில்லை. இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த ஆட்டம் நேரடியாக வந்தாலும் ஒரு வாரத்துக்கு முன்பே அவரிடம் சொன்னேன். நானே எழுதிய விதியை நானே மீறினேன். அரங்கத்துக்கு இனிப் போக முடியாத மனிதரிடம் அதைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு முறையும் மகிழ்ந்தார். “எந்தம்பி சொன்னா சரியா இருக்கும்,” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுவார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பல சனிக்கிழமைகள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆட்டம் முடியட்டும் என்று இருப்பேன். முடிந்ததும் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அப்படியே ஏழு வருடம் போனது. அவரும் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பின் அண்ணியிடம் சொன்னேன். ஒப்பந்தம், விதி, கேட்காமல் விட்ட இருக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலேயே கேட்டார்.

“இத அவர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லண்ணி.”

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவரு ஒங்கள நல்லவன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. நானும் அப்படியே இருந்திருப்பேன்ல?”

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் தேநீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கொஞ்ச காலத்தில் போவதை நான் நிறுத்திக்கொண்டேன். அண்ணி, கல்யாணமாகிப் போன மகள் வீட்டுக்கே போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். முகவரி யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற சமயத்தில் கூரைகளில் தட்டு வைத்துச் சந்தா கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சி வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். இப்போது எந்த ஆட்டத்தையும் யாரும் மறைப்பதில்லை. மூன்று நாளுக்கு முன்பே நேரத்தோடு அறிவித்துவிடுகிறார்கள். சனிக்கிழமை மாலை விளக்கைப் போட்டு, திரைக்கு எதிரே உட்காருகிறேன். இடைவேளையில் தேநீரை நானே போட்டுக்கொள்கிறேன். மழை பெய்யும் ஆட்டமாக இருந்தால் மட்டும் பார்ப்பதில்லை; அணைத்துவிட்டு, முடிவை மறுநாள் பத்திரிகையில் படித்துக்கொள்கிறேன்.