முன் ஆக்சிலுக்கு ஓர் இரும்புப் பட்டை

சடையன் ஜீப் ஓட்டுவதை நிறுத்தியது என் பொய்யால். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சடையனிடமும்தான்.

பொய் என்று எழுதிவிட்டேன். நீங்கள் நம்புவதற்கு முன் ஒரு திருத்தம்: அன்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் அதிலுள்ள அசிங்கம்!

சேலத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவன் நான். பிறர் பேச்சைச் சுருக்குவதே வேலை. அதை விட்டபின் ஏற்காட்டுக்கு வந்து, நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து காப்பி மூட்டை இறக்குவதற்கு. ஓட்டியவர் கொட்டச்சேட்டுச் சடையன். அந்தக் கல் பாதைகளில் பல வருடம் பழகிய கை.

ஒரு டிசம்பர் காலை அவர் இடது முன் டயரைக் காட்டினார். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, இது டயர் குத்தமில்லீங்க. ஆக்சில் குழாயே வளையுது. அடியில ஒரு பட்டை வெச்சு வெல்டு அடிச்சுட்டா நொம்ப தைரியமா எறக்குவேன்."

இரு முன் சக்கரங்களையும் தாங்கும் இரும்புக் குழாய் அது. மறுநாள் சடையன் ஊரில் நோம்பித் திருவிழா. நானே ஜீப்பைச் சேலத்துப் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்:

"ரோட்டுல ஓடற வண்டின்னா பட்டை வேண்டியதில்லீங்க. நீங்க கல்லுல மூட்டையோட எறக்கறீங்க. போட்டே ஆகோணும். கழட்டி, கொஞ்சங்கொஞ்சமா பத்த வெச்சு, ஆற உட்டுத்தான் மாட்டோணும். அவசரப்பட்டா சூட்டுல குழாய் கோணிக்கும். நாலு நாள் உட்டுட்டுப் போங்க."

நாலு நாள்! காப்பி அறுவடை உச்சத்தில் இருந்தது. தினமும் வண்டி வரும் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லியிருந்தேன். என் ஜீப் நின்றால் வேறு ஜீப் வரும். வந்தது திரும்பிப் போகாது.

வண்டியை விடாமல் திரும்பினேன். மலை ஏறும் வளைவுகளில் எனக்கு நானே வாதாடினேன். பட்டையால் எடை கூடும். கல்லில் விழும் அடி வேறு பாகத்துக்குப் போகும்... நியாயமான வாதங்கள்தான். ஆனால் முடிவெடுத்தது அவையல்ல.

அன்று சாயங்காலமே சடையன் வந்துவிட்டார்.

"என்னங்கண்ணா சொன்னாரு?"

"பட்டை வேண்டியதில்லைன்னாரு."

அவர் முகம் தெளிந்தது. "அவரே சொல்லிட்டா சரிதானுங்க. எனக்குத்தான் பயம் போலிருக்கு."

பயமா அது? அவர் கைக்குத் தெரிந்திருந்த உண்மை அல்லவா! நான் பாதியில் வெட்டிய ஒரு வாக்கியத்துக்காக, அதற்குப் பயம் என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள், இறக்கத்தில் ஆக்சில் முறிந்தது. ஜீப் சரிந்து ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றது. பின்னால் மூட்டைகள் மட்டுமே இருந்தன. சடையனின் வலது மணிக்கட்டு உடைந்தது.

முறிந்த குழாயைப் பார்த்தேன். விளிம்பில் முக்கால் பங்கு துருவேறிக் கறுத்திருந்தது. கால் பங்குதான் புதிதாகப் பளபளத்தது. விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது; அன்று யார் ஓட்டியிருந்தாலும் முறிந்திருக்கும். அந்த விளிம்பைக் காட்டினால் சடையனுக்கு ஒரு நொடியில் புரியும். அதனால்தான் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

கல்லில் விட்டதால்தான் முறிந்தது என்று ஜீப் ஸ்டாண்டில் கேலி செய்தார்கள். "ஏப்பா சடையா, கல்லு உன்னயத் தேடி ஓடி வந்துச்சா?"

"அது அங்கயேதான் கெடந்துச்சு. நாந்தான் பாக்கல" என்று அவரும் சிரித்தார்.

எலும்பு கூடியது. ஸ்டியரிங்கை அவர் மறுபடி தொடவில்லை. இப்போது மிளகுக் கொடி கட்டும் கூலி வேலை. சொல்வதற்கு எனக்கு நாள் கிடைக்காமலா போயிற்று? அவர் வீடு மூன்று மைல் தொலைவில்தான் இருக்கிறது...

சென்ற மாதம் வேறு ஜீப் வாங்கினேன். முதல் வேலையாக ஆக்சிலுக்குப் பட்டை போட்டேன். சடையன் பார்க்க வந்தார். குனிந்து, வெல்டிங் தடத்தை விரலால் தடவினார்.

"நல்லாப் போட்டிருக்காங்க" என்று எழுந்தார். "அன்னிக்கே வேண்டியதில்லைன்னாங்க. நான் கல்லுல உட்டதாலதானுங்க உங்களுக்கு இந்தப் பயம் வந்துருச்சு. மன்னிச்சுக்கோங்கண்ணா. இந்த வண்டிக்காச்சும் நல்லா ஓட்டற ஆளாப் பாத்து வைங்க."

வாயைத் திறந்தேன்.

"வாங்க, டீ சாப்பிடலாம்" என்றேன்.

வந்தார். டம்ளரை இடது கையால் பிடித்துக் குடித்தார்.