அத்தை வீட்டு வைஃபையின் பெயர்

என் அத்தை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறாள். அந்தக் காரில் சொல்லித் தருபவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சுவரை நோக்கிப் போனால் பக்கத்தில் இருப்பவர் மிதித்துக் காப்பாற்றலாம். மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு வைத்திருக்கிறார்கள். அத்தை அபிப்பிராயம் சொல்ல வைத்திருக்கிறாள். கியர் கிறீச்சிட்டால் ஒரு மிதி, கண்ணாடியைப் பார்க்க மறந்தால் ஒரு மிதி, "மேடம், நான் நேத்து நல்லாத்தானே ஓட்டினேன்" என்று வாய்க்கு வாய் பேசினால் இரண்டு மிதி. அவளிடம் படித்தவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ரெண்டாம் பிரேக்'. அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் அவள். என் அப்பாவின் ஒரே தங்கை. மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் முக்கால்வாசி தண்ணீரில் இருப்பவர். கப்பல் ஏதாவது ஒரு துறைமுகத்தில் நின்றால்தான் அவர் முகத்தைப் போனில் பார்க்க முடியும். அந்த முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அத்தை அந்தத் தெருவிலேயே வேகமான நெட் லைனை எடுத்திருந்தாள். பாஸ்வேர்டை அம்மாவிடமும் சொல்லி வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பியைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு மாலையில் ஒரே ஒரு ஆறுதல், மல்யுத்த வீடியோ. இரண்டு தடியர்கள் ஒருவரையொருவர் தூக்கிப் போடுவதை, காசா பணமா, ஓசி நெட்தானே என்று மணிக்கணக்கில் பார்ப்பார். ஒரு நாள் மாமா எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். தும்மப் போகிற சமயத்தில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மூக்கு விடைத்து, கண் செருகி, வாய் பிளந்து நிற்கும் கணவனை அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தடியர்கள் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை படியிறங்கி வந்தாள். அவள் இறங்கிய சத்தத்திலேயே அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

"ஏண்ணா, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? என் வீட்டு நெட்டை உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறியே!"

"காத்துல வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு அலட்டிக்கிறே?" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அன்றே அத்தை பாஸ்வேர்டை மாற்றினாள். அதோடு விட்டிருந்தால் அவள் ரெண்டாம் பிரேக்காக இருக்க முடியாது. ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் புகுந்து நெட்வொர்க்கின் பெயரையும் மாற்றி, அதை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவிட்டாள். இப்படி ஒரு வசதி இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் போனில் வரிசையாக நிற்கும், அத்தையுடையது மட்டும் இருக்காது. அதில் சேர வேண்டுமானால் பட்டியலின் அடிக்குப் போய், 'புதிய நெட்வொர்க் சேர்' என்பதைத் தொட்டு, பெயரை நம் கையாலேயே அடிக்க வேண்டும். பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட மாறக் கூடாது. அந்தப் பெயர் அத்தைக்கு மட்டுமே தெரியும்.

அப்பாவும் ரோஷத்தோடு ஒரு மலிவு லைன் போட்டுக்கொண்டார். அதில் தடியர்கள் தூக்கிய கையோடு நிற்பார்கள், கீழே போட மாட்டார்கள். அண்ணனும் தங்கையும் தினமும் பேசிக்கொண்டார்கள், அதாவது சண்டை போட்டுக்கொண்டார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவள் அவர் தொப்பையைப் பற்றி ஏதாவது சொல்வாள். அவளிடம் படித்த யாரோ ஒரு சைக்கிள்மேல் மோதியதைப் பற்றி அவர் கேட்பார். வீடு கலகலப்பாக இருந்தது.

பிறகு அப்பா வேலை பார்த்த கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அந்தச் சால்வையை வைத்து ஜன்னல் துடைத்தார். முதலில் நன்றாகத்தான் இருந்தார். நாள் போகப் போக மல்யுத்தம் பார்ப்பதையும் விட்டுவிட்டார். நாங்கள் அவரிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தோம். அம்மா குழம்பில் உப்பு போதுமா என்று அவரைக் கேட்டாள், அதுவரை கேட்டதே இல்லை. எல்லாவற்றையும்விட அத்தைதான் என்னைப் பயமுறுத்தினாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

அப்படி இருக்கும்போது ஒரு கம்பெனி அவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. பெரிய மருத்துவமனைகளின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் வேலை. காலை பதினொரு மணிக்கு வீடியோவில் பேச வேண்டும். அதற்கென்று ஒரு ஆப். முந்தின நாளே முகத்தைக் காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, அவர் போனில் பதிவு செய்து முடித்திருந்தோம். வேறு போனில் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும், சரிபார்க்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். நானும் அன்று லீவு போட்டிருந்தேன்.

பத்தரை மணிக்குத் தெருவில் குழாய் பதிக்க வந்தவர்கள் எங்கள் கேபிளை வெட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒரே வெட்டு. நான் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எப்போதும் ஒரு கோடுதான். சோதனைக்குக் கூப்பிட்டுப் பார்த்தால் அப்பாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன்.

அத்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா இப்படி மூச்சு வாங்குறீங்க? என் லைன் கம்பத்து வழியா வருது, அதை எவனும் வெட்ட முடியாது. குடு போனை" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியிலேயே நின்றது. முகம் போன போக்கைப் பார்த்தால், ஓடுகிற காரில் பிரேக் மிதித்துப் பிடிக்காமல் போனவள்போல இருந்தது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பேரை ஒரு தடவை மாத்திட்டு வந்துடறேன்."

"ஏன், இப்ப இருக்கற பேருக்கு என்ன?"

"அது... அது நல்லா இல்ல."

அப்பா குறுக்கே வந்தார். "பேரை மாத்தினா அந்தப் பொட்டி நின்னு மறுபடி ஓடும்ல? போன தடவை அப்படி அணைச்சுப் போட்டு அரை நாள் அது வரலைன்னு நீதானே கத்தினே. ஓடிட்டிருக்கற மெஷினை இப்ப யாரும் தொட வேணாம். பேரைச் சொல்லு, நானே அடிச்சுக்கறேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். "நீ அடி. அவன் போனை நீ வாங்கி அடி."

"அடிச்சாலும் கனெக்ட் ஆனதும் மேலேயே பேரு தெரியும் அத்தை. அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?"

அவள் என் காதருகே வந்து சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தண்டச்சோறு.

சம்பாதிக்காமல் உட்கார்ந்து தின்கிறவனைச் சொல்லும் அந்த ஒரு சொல்லைத்தான் வேலை போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும், யாரைப் பற்றியும், விளையாட்டுக்குக்கூட உச்சரிப்பதில்லை. தொலைக்காட்சியில் எவனாவது சொன்னால் அம்மா ஒலியைக் குறைப்பாள். தும்மலில் உறைந்த கணவனைப் பார்த்த கோபத்தில் அத்தை வைத்த பெயர் அது. அப்போது அப்பாவுக்கு நல்ல வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, அதனால் அது வெறும் வசவு. இப்போது அதை எழுத்து எழுத்தாக அவர் கையாலேயே அடிக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ரவுட்டரை நிறுத்தி, அது திரும்ப வருமா வராதா என்று அவர் வேலையைப் பணயம் வைக்க வேண்டும். சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பதைக் காட்டியது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "பெரிய டி" என்றாள். "அப்புறம் எல்லாம் சின்ன எழுத்து. ஹெச். ஏ. என்."

அப்பா ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தார்.

"டி. ஏ."

"தண்டா?" என்றார் அப்பா. "தண்டால் எடுக்கறியா என்ன?"

"சி" என்றாள் அத்தை. "ஹெச்."

அப்பாவின் விரல் அந்தரத்தில் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது எங்களுக்கும் தெரிந்தது. அத்தையின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மிச்ச எழுத்துகளை அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஓ, ஆர், யு என்று அப்பாவே அடித்து முடித்தார்.

"பாஸ்வேர்டு?" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

அத்தை சொன்னாள். அவர் அடித்தார். போன் சுற்றியது, சுற்றியது, 'இணைக்க முடியவில்லை' என்றது. எழுத்துகளைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தன. மறைந்திருக்கும் நெட்வொர்க் என்ற குறியைப் போட மறந்திருந்தோம், போட்டேன். மறுபடியும் சுற்றல், மறுபடியும் முடியவில்லை. நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டு அப்பாவே முதலிலிருந்து அந்தப் பெயரை இன்னொரு முறை அடித்தார். ஊகூம்.

அத்தை திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, உன் போனை பிளாக் பண்ணி வெச்சேண்ணா!"

"எப்போ?"

"அன்னிக்கேதான்."

"பாஸ்வேர்டை மாத்தி, பேரை ஒளிச்சு, அதுக்கு மேல பிளாக்கும் பண்ணினியா? நான் என்ன மனுஷனா, கரப்பான்பூச்சியா?"

அத்தை தன் போனில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பான இடத்தில் தொட்டாள். தடை செய்யப்பட்ட பட்டியலில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. அதை விடுவித்தாள். அப்பாவின் அரதப்பழசுப் போன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மூன்று கோடுகளையும் முழுசாகக் காட்டியது. பக்கத்திலேயே அந்தப் பெயரும் பளிச்சென்று இருந்தது.

அவர் அத்தையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே நின்றோம். அத்தை டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து தனக்கு வயிற்றுப்போக்கு என்று கூசாமல் சொன்னாள். அப்புறம் ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அதன் மேல் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டினாள். அழுதாள். "இப்படி ஒரு வார்த்தையைக் கொடுத்து அனுப்பியிருக்கேனே, அவன் எப்படி வாயைத் திறப்பான்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. முதலில் தொண்டையைக் கனைத்தது. பிறகு ஏறியது. லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே நோயாளி மாட்டிக்கொண்டால் முதலில் எதைப் பார்ப்பது என்பதை எதிரில் இருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "இல்லைங்க, நீங்க சொல்றது தப்பு" என்றார். எங்களுக்குப் பகீரென்றது. பிறகு அவர் சிரித்தார். எதிர்ப்பக்கமும் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

சத்தம் நின்றதும் அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணாந் தேதிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

அத்தைக்கு அழுகை இன்னும் பெரிதாகிவிட்டது. "அண்ணா, அந்தப் பேரு... அது நீ வேலையில இருந்தப்ப வெச்சது. சத்தியமா அதுக்கப்புறம் நான் அப்படி நெனச்சதுகூட இல்ல. குடு, இப்பவே மாத்திடறேன்."

"ஒண்ணும் மாத்த வேணாம், விடு."

"உனக்கு ரோஷமே இல்லையா?"

அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். "வேலை போனதிலேர்ந்து இந்த வீட்ல யாராவது என்னைத் திட்டினீங்களா? உப்பு போதுமான்னு கேக்கறா அவ. சாப்பிட்டியான்னு கேக்கறே நீ. பொணத்தைச் சுத்தி நடக்கற மாதிரி என்னைச் சுத்திச் சுத்திப் போறீங்க. இன்னிக்கு அந்தப் பேரை அடிச்சப்பதான், அட, நான் இன்னும் உசிரோடதான் இருக்கேன்னு தோணிச்சு."

எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அப்போதுதான் அவள் கண், அவர் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் விழுந்தது. இஸ்திரி போட்டு அவள் கட்டிலில் விரித்து வைத்திருந்த யூனிபார்ம் சட்டை அவருக்கு அடியில் கசங்கிக் கிடந்தது.

"தண்டச்சோறு! எருமை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எழுந்திரு முதல்ல!"

அப்பா எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்து, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.