புது சீல் ஏன் ஒழுகியது

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு அந்த லாரியைச் சங்கிலி கட்டி இழுத்து வந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி. அரியலூரிலிருந்து சிமென்ட் மூட்டை ஏற்றும் வண்டி. போன வாரம்தான் கியர்பாக்ஸை இறக்கி, ஆயில் கிளட்ச் பக்கம் ஒழுகாமல் தடுக்கும் புது ஆயில் சீலை இன்புட் ஷாப்டில் போட்டு அனுப்பியிருந்தோம். இப்போது கிளட்ச் ஹவுசிங் அடியில் மறுபடி ஆயில் சொட்டியது.

வேலை செய்தவன் செல்வம், என்னோடு இருந்த மெக்கானிக். அவன்தான் சீலைக் கிழித்துவிட்டான் என்று லாரி ஓனர் கத்தினார். பட்டறை முதலாளி விசாரிக்கவே இல்லை.

"துணிய மாத்திக்கிட்டு கெளம்புடா. நாளைலேருந்து வராத."

செல்வத்துக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. 

என்னால் நம்ப முடியவில்லை. ஷாப்ட் நுனியில் இருக்கும் பல் பட்டால் சீலின் உதடு, அதன் ரப்பர் உள்விளிம்பு, கிழியும். அதனால் பல்லின்மேல் பால் கவரைச் சுற்றி, கிரீஸ் தடவித்தான் சீலை நுழைப்போம். செல்வம் அப்படித்தான் நுழைத்தான். பக்கத்தில் நின்றவன் நான். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிட்டு அவனை அனுப்புங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

இறக்கினோம். ஹவுசிங்குக்குள் கல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன். சிமென்ட். சீல் ஓரிடத்தில் கிழியவில்லை. சுற்றிலும் அரம் போட்டதுபோல் தேய்ந்திருந்தது. ஷாப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம்.

 அந்த லாரியின் டிரைவர் மாணிக்கம் முன்னால் வந்தார்.

"நான்தாங்க போட்டேன். இங்கேருந்து வண்டிய எடுத்துட்டுப் போனப்புறம், பாடாலூர் தாண்டி ஏத்தத்துல, லோடோட கிளட்ச் வழுக்கிடுச்சு. வண்டி பின்னால போவுது. பின்னாடி ஸ்கூல் வேன். பிரேக்க அமுக்கி நின்னப்ப, நடுவுல ஒரு ஆள் நொழையற எடம்தான் இருந்துச்சு. எறங்கி, மூட்டையிலேருந்து ஒரு கை சிமென்ட் அள்ளி கிளட்ச் ஹவுசிங் ஓட்டை வழியா வுட்டேன். அப்பதான் புடிச்சுது. அப்புறம் தெனமும் அதாங்க."

ஆயில் குடித்த கிளட்ச் பிளேட் வழுக்கினால் டிரைவர்கள் மண் அள்ளிப் போடுவார்கள். அதைப் பார்த்திருக்கிறேன். சிமென்டைப் பார்த்ததில்லை. அந்தத் தூள்தான் சுழலும் ஷாப்டோடு சேர்ந்து சீலை அரைத்திருக்கிறது. 

புது சீல் போட்டும் பிளேட் ஏன் வழுக்கியது? அது முன்பே ஆயில் குடித்த பழைய பிளேட். மாற்றச் செல்வம் சொன்னான். பெட்ரோலில் கழுவி மாட்டினால் போதும் என்றவர் இதே ஓனர். சரி என்று தலையாட்டியவர் எங்கள் முதலாளி.

முதலாளி செல்வத்தைப் பார்க்காமலே, "சரி, வேலையப் பாரு" என்றார்.

பார்த்தான். ஹவுசிங்கை டீசல் விட்டுக் கழுவினான். புது ஷாப்ட், புது சீல், புது பிளேட். ஓட்டிப் பார்த்துச் சாவியை மாணிக்கத்திடம் கொடுத்தான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆயில் பட்ட பிளேட்டைக் கழுவி மாட்டச் சொன்னால் மாட்டாதீர்கள். ஓனர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்கு இழுத்துப் போகட்டும். ஏற்றத்தில் அந்த வண்டிக்குப் பின்னால் யார் வருவார்கள் என்று நமக்குத் தெரியாது.