பொங்காலைக்காக நிறுத்திய மருந்து

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே கல்லும் மண்ணும் சுமந்த நம் ஆட்களுக்குச் சோறு போட்டவள் செண்பகவல்லி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. தகரக் கொட்டகையும் ரெண்டு பெஞ்சும்தான் கடை. காலையில் தோசை, மத்தியானம் சோறு. யாருக்கு ஆப்பாயில், யாருக்குப் பால் விடாத கட்டன் சாயா, யாருக்கு ரசம் ஆகாது என்பதெல்லாம் அவள் மண்டையிலேயே இருக்கும். ஊருக்குப் போய்ப் பல மாசம் கழித்துத் திரும்புகிறவனுக்கும் கேட்காமலே அவன் பண்டம் தட்டில் விழும். கூடவே வேலை பார்த்த தங்கை பூமாரிக்கு அதைப் பார்த்துப் பார்த்து மலைப்பு.

அப்படிப்பட்டவளுக்கு ஈரல் சுருங்கிப்போனது. எப்போதோ வந்த காமாலை உள்ளேயே தங்கி அரித்துவிட்டதாம். அவள் புருஷன் லிங்கராஜ் கொத்தனார். சாயங்காலம் ஆனால் குடிக்காமல் வீடு வரமாட்டான். "குடிச்சவன் நான், ஈரல் கெட்டது இவளுக்கு. மேல இருக்க கணக்குப் பிள்ளை ஆளு மாத்திட்டாரு" என்று கடையில் சிரித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் அழுவான்.

பெரிய ஆஸ்பத்திரியில் சுந்தரராமன் டாக்டர் நம்ம தமிழ்க்காரர். இனிப்பாகப் பாகு மாதிரி ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். "தினமும் ரெண்டு மூணு தடவை வயிறு போகணும். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது" என்றார். மருந்துக் கடைப் பையன் பாட்டிலை நீட்டி, "இது மலச்சிக்கலுக்கு" என்றான். அக்காவும் தங்கையும் பையன் சொன்னதையே மனசில் வைத்துக்கொண்டார்கள்.

மாசியில், பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்து ஆற்றுகால் அம்மைக்குப் பொங்கலிடும் பொங்காலை வந்தது. செண்பகவல்லி வருசம் தவறாமல் இடுகிறவள். இந்த வருசம் தன் உடம்புக்காகவும், கல்யாணமாகி வெகுகாலமான பூமாரிக்கு ஒரு பிள்ளைக்காகவும் சேர்த்து நேர்ந்திருந்தாள். விரதம் தொடங்கிய அன்று காலையில் பூமாரி மருந்தோடு வந்தாள்.

"வேண்டாம்ட்டி, எடுத்து வை."

"டாக்டரு நிறுத்தாதன்னாருக்கா."

"குளிச்சுச் சுத்தமா இருக்க வேண்டிய நாள்ல இதைக் குடிச்சுட்டு மூணு வேளை ஓடவா? பொங்காலையன்னைக்கு ரோட்டுல அடுப்பு கூட்டி உக்காந்த பெறவு எங்க போவ? நம்மப்பன் கக்கூஸ் கட்டி வச்சிருக்கானா அங்க?"

பூமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சொன்னதும் சரியாகத்தான் பட்டது. பாட்டிலைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள். அந்த நாட்களில் அக்காவுக்கு வயிறே போகவில்லை. பகலில் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்தாள், ராத்திரி முழித்துக் கிடந்தாள். விரதக் களைப்பு என்று நினைத்தார்கள்.

பொங்காலையன்று அட்டக்குளங்கரை ரோட்டில் இடம் கிடைத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பெண்கள், மூன்று மூன்று செங்கல், புதுப் பானைகள். கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு மாறி வந்து சேர்ந்தது. குரவைச் சத்தம் எழுந்தது. புகையில் கண் எரிய, செண்பகவல்லி வெல்லம் போட வேண்டிய பானையில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டாள்.

"யக்கா! என்ன செய்யுத?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். பார்வை இவள்மேல் நிற்கவில்லை. கையை முன்னால் நீட்டினாள். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையும் பட்டுப்பட்டென்று, இறகு மாதிரி அடித்தன. வாயில் ஏதோ முனகல்.

பக்கத்து அடுப்பு அஸ்வதி சேச்சி எழுந்துவிட்டாள். "தேவியாணு! தொழுதோ பெண்ணே, தொழுதோ!"

தேவி இறங்கிவிட்டாள் என்று அத்தனை பேரும் கும்பிட்டார்கள். யாரோ வேப்பிலை கொடுத்தார்கள். பூமாரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தார் ரோட்டில் விழுந்து அக்கா காலைப் பிடித்தாள்.

"தாயே, எனக்கு ஒரு பிள்ளை தருவியா?"

செண்பகவல்லி வெகுநேரம் யோசித்துவிட்டு, "நாளைக்கு வா. இன்னைக்கு மாவு தீந்துபோச்சு" என்றாள்.

நாளைக்கு! பூமாரி கதறி அழுதாள். சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். உச்சி வெயிலில் அந்த உடம்பை உட்காரவைத்து, நைவேத்தியம் முடிகிறவரை ஒவ்வொருத்தியாய் வந்து வாக்குக் கேட்டார்கள். பூசாரி தெளித்த தீர்த்தம் மேலே பட்டபோது செண்பகவல்லி கண் திறக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அசைவில்லை. அப்போதுதான் பூமாரி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லிக் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மருந்து குடிச்சாளா?"

"விரதம்னு நிறுத்திட்டோம் சார். அது வயித்துக்கு மருந்துதானே?"

"மூளைக்கு மருந்தும்மா அது. குடல்ல தங்குற கழிவுல விஷம் ஊறும். ஈரல் நல்லா இருந்தா அதைச் சுத்தம் பண்ணிரும். இவளுக்கு அது செத்துக் கிடக்கு. விஷம் ரத்தத்தோட நேரா தலைக்கு ஏறிருது. தினம் வயிறு கழிஞ்சாத்தான் புத்தி தெளிவா இருக்கும்."

"இதை அப்பவே சொல்லலியே சார்."

டாக்டர் பேனாவை மூடினார்.

செண்பகவல்லிக்கு நினைவு திரும்பியது. ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. கடையில் ஆப்பாயில்காரனுக்கு ரசம் போனது. ஒருநாள் அஸ்வதி சேச்சி பழத்தட்டோடு வாக்குக் கேட்டு வந்தபோது, "நான் தேவியில்ல சேச்சி. எனக்கு வயிறு போகல, அவ்வளவுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேச்சி போனபிறகு பூமாரி கேட்டாள்: "அன்னைக்கு நீ சொன்னது எதுவுமே நெனப்பில்லையாக்கா?"

"என்னட்டி சொன்னேன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் பூமாரி.

அதற்குப் பிறகு பூமாரி ஒரு வேளை மருந்து தவறவிடவில்லை. ஆற்றுகால் அம்மையையும் விடவில்லை. மருந்தை ஊற்றும்போது அம்மை பேரைத்தான் சொல்லி ஊற்றினாள். ஆனாலும் ஈரல் கெடுவது நிற்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு காலை, உலை வைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை மறுபடி அடிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை பூமாரி கும்பிடவில்லை. மழையில் ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். லிங்கராஜ் முன்னால் ஏறிக்கொண்டான். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே வண்டி நகராமல் நின்றது.

"யக்கா, நான் யாரு சொல்லு."

செண்பகவல்லி அவளை உற்றுப் பார்த்தாள். கடைக்கு நேரம் தப்பி வந்தவளைப் பார்க்கிற மாதிரி முகத்தில் ஒரு பரிவு.

"நாளைக்கு வாம்மா. மாவு தீந்துபோச்சு."

அடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகளையும் பூமாரி தன் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்கு முன்னாலேயே அவை அடங்கி, சில்லிட்டுப்போயின.